ஜெஃபர்சனின் மான்டிச்செல்லோ வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாஷிங்டன் பக்கம் வருகிறவர்கள் வெள்ளை மாளிகை, மியூசியம் எல்லாம் பார்த்து முடித்த பிறகு "பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். நான் மான்டிச்செல்லோவைத்தான் சொல்வேன். சொன்னதும் இன்னும் பத்து கேள்வி வரும். வழக்கமாக வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். சில பதில்கள் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மான்டிச்செல்லோ எங்கே இருக்கிறது? யாருடைய வீடு?

வர்ஜீனியா மாநிலத்தில், சார்லட்ஸ்வில் ஊருக்குப் பக்கத்தில் ஒரு குன்றின் உச்சியில் இருக்கிறது. வாஷிங்டனிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம் ஆகும், டிராஃபிக்கில் மாட்டினால் கூடும். அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதியும், 1776 சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவருமான தாமஸ் ஜெஃபர்சனின் வீடு. அவரே வரைந்து, அவரே இடித்து, மறுபடி வரைந்து கட்டியது. சுற்றி இருந்த பண்ணை சுமார் 5,000 ஏக்கர். அப்பாவிடமிருந்து நிலமும் வந்தது, அந்த நிலத்தில் வேலை செய்த அடிமைகளும் வந்தார்கள்.

5 சென்ட் காசின் பின்பக்கம் இருப்பது இந்த வீடுதானா?

ஆமாம், 1938-லிருந்து இதுதான். 2004, 2005-ல் மட்டும் கொஞ்ச காலம் வேறு படங்கள் வந்தன. பையில் அமெரிக்கச் சில்லறை இருந்தால் எடுத்துப் பாருங்கள், குவிமாடமும் தூண்களும் தெரியும். அதில் இருப்பது வீட்டின் பின்பக்கம், அதாவது புல்வெளியைப் பார்த்த மேற்கு முகப்பு. விருந்தாளிகளின் குதிரை வண்டி வந்து நின்றது கிழக்குப் பக்கம். அங்கே நின்று பார்த்தால் குவிமாடம் அவ்வளவாக எடுப்பாகத் தெரியாது. காசில் பார்த்த வீட்டைத் தேடி வருகிறவர்கள் "இதுவா அது?" என்று முழிப்பதும், சுற்றிக்கொண்டு மேற்கே போனதும் முகம் மலர்வதும் அங்கே சாதாரணம்.

ஒரு வீடு கட்ட 40 வருடமா?

கணக்குப் பார்த்தால் அவ்வளவுதான் வருகிறது. 1768-ல் குன்றின் தலையைச் சமப்படுத்தும் வேலை தொடங்கியது, 1809 வாக்கில்தான் வீடு ஒருவழியாக முடிந்தது. ஆனால் இதைத் தாமதம் என்று மட்டும் சொல்ல முடியாது, ஏனென்றால் அது ஒரு வீடு இல்லை, இரண்டு வீடு.

ஜெஃபர்சன் பிறந்த ஷாட்வெல் வீடு 1770-ல் தீப்பிடித்து எரிந்தது. அந்த வருடக் கடைசியில் குன்றின் மேல் முடிந்திருந்த ஒரே கட்டடத்துக்குக் குடி வந்தார். அது ஒற்றை அறை கொண்ட ஒரு செங்கல் கட்டடம், இன்றும் தெற்குப் பக்கம் நிற்கிறது. 1772 ஜனவரியில் கல்யாணம் முடிந்து மனைவி மார்த்தாவைப் பனியில் அழைத்துவந்ததும் இந்த ஒற்றை அறைக்குத்தான். அப்புறம் மெல்ல மெல்ல முதல் வீடு எழுந்தது: எட்டு அறைகள், இரண்டு அடுக்கு முகப்பு. அது முழுதாக முடியும் முன்பே, 1782-ல், மார்த்தா இறந்துவிட்டார். இரண்டு வருடம் கழித்து ஜெஃபர்சன் தூதராக பாரிஸ் போனார். அங்கே பார்த்ததெல்லாம் மண்டைக்குள் புகுந்துகொள்ள, திரும்பி வந்து 1796-ல் பழைய வீட்டின் மேல் மாடியைக் கழற்றிவிட்டு, அகலத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி, புது வீட்டை ஆரம்பித்தார்.

நடுவில் அங்கே வாழ்ந்தவர்களின் கதியை யோசித்துப் பாருங்கள். 1802-ல், ஜெஃபர்சன் ஏற்கெனவே ஜனாதிபதியாகிவிட்ட பிறகு, விருந்தாளியாக வந்த ஆன்னா தார்ன்டன் என்ற பெண்மணி எழுதிவைத்திருக்கிறார்: பெரிய கூடம் பாதியில் நிற்கிறது, தரையில் ஆணி அடிக்காத பலகைகள், வெளிச்சத்துக்கு ஒரு மங்கிய லாந்தர். ஒரு நாட்டின் ஜனாதிபதி வீட்டு வரவேற்பறை இது!

ஆர்கிடெக்ட் யார்? அவர் எங்கே படித்தார்?

படிக்கவில்லை, படிக்க இடமும் இல்லை. அந்தக் காலத்து அமெரிக்காவில் கட்டடக்கலைப் பள்ளி என்று ஒன்று கிடையாது. ஜெஃபர்சன் வக்கீலுக்குப் படித்தவர். கட்டடக்கலையைப் புத்தகங்களிலிருந்து எடுத்துக்கொண்டார், முக்கியமாக 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியரான பல்லாடியோவின் புத்தகத்திலிருந்து. ரோமானியக் கோயில்களின் தூண் என்ன உயரம், என்ன பருமன், மேலே வரும் உத்தரம் அதில் எத்தனை பங்கு என்றெல்லாம் அதில் அளவோடு இருக்கும். நம் ஊர் ஸ்தபதிகளுக்குத் தாள அளவு போல இவருக்கு அந்தப் படங்கள்.

பல்லாடியோ கட்டிய வீடுகளை இவர் நேரில் பார்த்ததே இல்லை என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். 1787-ல் வட இத்தாலிக்குப் போனார். பல்லாடியோவின் ஊரான விசென்ஸா வரை போகவில்லை. போன காரியம் வேறு, அரிசி. அங்கத்து நெல்லை வெளியே கொண்டுபோகத் தடை இருந்தது, பிடிபட்டால் கடும் தண்டனை. இவர் கோட்டுப் பைகளில் நெல்லைத் திணித்துக்கொண்டு வந்து அமெரிக்காவின் கரோலினா பக்கத்து விவசாயிகளுக்கு அனுப்பிவைத்தார்.

நேரில் பார்த்து மயங்கியது பாரிஸில் அப்போது கட்டிக்கொண்டிருந்த ஓட்டெல் து சால்ம் என்ற மாளிகையை. ஆற்றின் எதிர்க்கரையில் இருந்த தோட்டத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து தினமும் அதையே பார்ப்பாராம். அங்கே நாற்காலி கிடைக்காததால் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கழுத்துவலியோடு வீடு திரும்பியதாக ஒரு கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். வெளியிலிருந்து ஒரே மாடி போலத் தாழ்வாகத் தெரிவது, நடுவில் குவிமாடம், இதெல்லாம் அங்கிருந்து வந்த ஆசை.

தெற்கத்திப் பண்ணை வீடு என்றால் பெரிய வெள்ளைத் தூண்கள் வைத்த மாளிகைதானே? இது அப்படி இல்லையே?

நீங்கள் நினைப்பது மிசிசிப்பி, லூசியானா பக்கத்து வீடுகளை. இரண்டு மாடி உயரத் தூண், சுற்றிலும் தாழ்வாரம், பருத்தியிலும் கரும்பிலும் பணம் கொட்டிய காலம். அவை பெரும்பாலும் 1820-க்குப் பிறகு 1860 வரை எழுந்தவை, கிரேக்கக் கோயில் பாணி. மான்டிச்செல்லோ அதற்கு ஒரு தலைமுறை முந்தியது, ரோமானியப் பாணி. செங்கல்லைப் பூசாமல் சிவப்பாகவே விட்டு, மரவேலைக்கு மட்டும் வெள்ளை அடித்திருப்பார்கள். ஒரே ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்று: இரண்டையும் நடத்தியது அடிமைகளின் உழைப்பு.

வெளியே ஒரு மாடி, உள்ளே மூன்று மாடி என்கிறார்களே, எப்படி?

இது அந்த வீட்டின் அருமையான ஏமாற்று வேலை. கீழ்த்தளத்து ஜன்னல் எங்கே முடிகிறதோ அதற்கு நேர் மேலே, நெருக்கமாக, இரண்டாம் தளத்து ஜன்னல் தொடங்குகிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் சேர்ந்து ஒரே உயரமான ஜன்னல். ஆனால் மேலே உள்ள அறைக்குள் போய் நின்றால் ஜன்னல் உங்கள் கணுக்கால் மட்டத்தில், தரையை ஒட்டி இருக்கும். வெளியே எட்டிப் பார்க்க வேண்டுமானால் தரையில் உட்கார வேண்டும். மூன்றாம் தளத்தில் குவிமாட அறையைத் தவிர மற்ற அறைகளுக்கு ஜன்னலே இல்லை, கூரையில் பதித்த கண்ணாடி வழியாகத்தான் வெளிச்சம். வீடு முழுவதும் இப்படி 13 கூரைக் கண்ணாடிகள். கூரை ஓரத்தில் ஓடும் மரக் கைப்பிடி வரிசை மேல் தளத்தை மறைத்துவிடுகிறது.

அழகு வெளியே, அவஸ்தை உள்ளே. மேலே தங்கியது பெரும்பாலும் மகள் மார்த்தாவும் (அம்மா பெயர்தான்) பேரப்பிள்ளைகளும் விருந்தாளிகளும். ஜெஃபர்சன் கீழே.

மாடிப்படியே கண்ணில் படவில்லை, எங்கே?

இருக்கிறது, ஒளித்துவைத்திருக்கிறார். கூடத்தின் நடுவே பெரிதாக வளைந்து ஏறும் படிக்கட்டு இடத்தையும் சூட்டையும் வீணாக்கும் என்பது ஜெஃபர்சனின் கட்சி. அதனால் இரண்டு ஓரங்களில், நடைபாதைக்குள், இரண்டடி அகலத்தில் செங்குத்தாக இரண்டு சிறு படிக்கட்டுகள். அந்தக் காலத்துப் பெண்கள் தரை புரளும் பாவாடையோடும், கையில் மெழுகுவர்த்தியோடும், இடுப்பில் குழந்தையோடும் ஏறியது இதில்தான். சாமான், தண்ணீர், விறகு, சூடான சாம்பல், நிரம்பிய சிறுநீர்ப் பாத்திரம், எல்லாம் ஏறியதும் இறங்கியதும் இதே படியில்தான். சுமந்தவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. தன் வாழ்நாளில் பெரிய மாடிப்படி வேண்டாம் என்று முடிவெடுத்தவர் கீழ்த்தளத்திலேயே படுத்துக்கொண்டார் என்பதை மட்டும் கவனியுங்கள்.

குவிமாடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது?

ஒரு அருமையான அறை, ஒன்றுக்கும் உதவாத அறை. எட்டுப் பக்கம், வட்ட ஜன்னல்கள், மஞ்சள் சுவர், பச்சைத் தரை, உச்சியில் ஒரு கண்ணாடிக் கண். பெரிய ஒற்றை மரங்களை வளைக்காமல், சிறு சிறு பலகைகளை வளைவாக அறுத்து ஒன்றோடொன்று சேர்த்துக் குவிமாடத்தின் விலா எலும்புகளைச் செய்யும் முறை ஒன்று பிரான்சில் இருந்தது. பாரிஸ் தானியச் சந்தையின் பிரமாண்டமான கூரையில் அதைப் பார்த்துவிட்டு வந்து இங்கே செய்தார். 1800-ல் எழுந்தது. அமெரிக்காவில் ஒரு வீட்டின் மேல் வந்த முதல் குவிமாடம் இதுதான் என்று வழக்கமாகச் சொல்வார்கள்.

ஆனால் கணப்பு கிடையாது, குளிர்காலத்தில் உறையும், ஏறிப்போவதும் பாடு. பேரன் ஒருவர் கல்யாணமான புதிதில் மனைவியோடு கொஞ்ச நாள் அங்கே இருந்தார், பிறகு தட்டுமுட்டுச் சாமான் போடும் இடமாகிவிட்டது. எனக்குப் பிடித்தது அதை ஒட்டியிருக்கும் பரண் மூலை. வீடு நிறையக் கூட்டம், தனியாக உட்கார்ந்து படிக்க இடமில்லாத பேத்திகள் வர்ஜீனியாவும் கார்னீலியாவும் பெட்டிகளைப் படியாக அடுக்கி அதற்குள் ஏறி, மெத்தையில்லாத ஒரு சோபா, இரண்டு நாற்காலி, இரண்டு சின்ன மேஜை போட்டு அதைத் தங்கள் இடமாக்கிக்கொண்டார்கள். உடைந்த கண்ணாடி வழியாகக் காற்று வருகிறது, குளவிகளோடு பங்குபோட்டுக்கொண்டு இருக்கிறோம் என்று வர்ஜீனியா கடிதம் எழுதினாள். அவ்வளவு பெரிய வீட்டில் அந்தப் பெண்களுக்குக் கிடைத்தது அதுதான்.

கூடத்துக் கடிகாரத்தில் சனிக்கிழமை மட்டும் காணோமே?

கீழே நிலவறையில் இருக்கிறது! கிழக்கு வாசலுக்கு மேலே இருக்கும் அந்தக் கடிகாரம் எடைகளால் ஓடுவது. பீரங்கிக் குண்டு மாதிரி எடைகள் கயிற்றில் தொங்கி வாரம் முழுக்க மெதுவாக இறங்கும். சுவரில் கிழமைகளை எழுதி ஒட்டியிருக்கிறார்கள். எடை எந்தக் கிழமைக்கு நேராக இருக்கிறதோ அதுதான் இன்று. சிக்கல் என்னவென்றால் ஏழு நாளுக்கு அந்தக் கூடத்தின் உயரம் போதவில்லை. வேறொருவர் கடிகாரத்தை மாற்றியிருப்பார், இவர் தரையில் ஓட்டை போட்டார். வெள்ளி மதியத்துக்கு மேல் எடை தரைக்குள் இறங்கி, சனிக்கிழமை கீழே போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மடக்கு ஏணியைச் சாத்தி ஏறி மறுபடி சாவி கொடுப்பார்கள்.

இதே கடிகாரத்துக்கு வெளியே முகப்பிலும் ஒரு முகம் உண்டு, அதில் மணி முள் மட்டும்தான். வயலில் இருப்பவர்களுக்கு நிமிடக் கணக்கு எதற்கு என்று நினைத்தார் போல. அவர்களுக்காகக் கூரையில் ஒரு சீன வெண்கலத் தட்டு, மணிக்கு மணி அடிக்கும். வாசல் மண்டபத்தில் நிற்கும்போது நிமிர்ந்து பாருங்கள், விட்டத்தில் ஒரு திசைகாட்டி முகம் இருக்கிறது. கூரைமேல் சுழலும் காற்றுக்காட்டியோடு அதை இணைத்திருக்கிறார், மழையில் வெளியே போகாமலே காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள.

இன்னும் என்னென்ன விசித்திரங்கள்?

ஜெஃபர்சனின் கட்டில் இரண்டு அறைகளுக்கு நடுவே சுவர்க்குழியில் இருக்கிறது. வலப்பக்கம் எழுந்தால் ஓர் அறை, இடப்பக்கம் எழுந்தால் எழுதும் அறை. வரவேற்பறையின் கண்ணாடிக் கதவு இரட்டைக் கதவு, ஒன்றைத் தள்ளினால் மற்றதும் தானாகத் திறக்கும். தரைக்கடியில் சங்கிலி போட்டு இரண்டையும் இணைத்திருக்கிறார். வழிகாட்டி அதைத் திறந்து காட்டும்போது குழந்தைகள் கை தட்டும், பெரியவர்களும்தான்.

சாப்பாட்டு அறையில் வேலையாட்கள் எங்கே நின்றார்கள்?

முடிந்தவரை நிற்கவே விடவில்லை, இதுதான் விஷயம். மேலே சொன்ன வேடிக்கைகளைவிட இந்த அறையை நிதானமாகப் பார்க்கச் சொல்வேன்.

சுவர் கண்ணைப் பறிக்கும் மஞ்சள். குரோம் மஞ்சள் அப்போது புதிதாகச் சந்தைக்கு வந்த வண்ணம், பவுண்டு 5 டாலர், வெள்ளை ஈயத்தைவிடப் பல மடங்கு விலை. கடன் கழுத்தை நெரித்த காலத்தில்தான் இது அடிக்கப்பட்டது. சரி, கணப்பின் பக்கவாட்டுக்குப் போங்கள். இரண்டு புறமும் சின்னக் கதவு. திறந்தால் உள்ளே கப்பியில் ஏறி இறங்கும் பெட்டி, ஒயின் பாட்டில் நிற்கும் அளவு. நேர் கீழே ஒயின் அறை. மேலே காலிப் பாட்டிலை வைத்தால் அது இறங்கும், கீழே ஒருவர் நிரம்பிய பாட்டிலை வைத்து ஏற்றுவார். அறையின் இன்னொரு பக்கம் ஒரு கதவு, பின்பக்கம் முழுக்கத் தட்டு வைக்கும் அலமாரி. நடுவில் அச்சு போட்டிருப்பதால், வெளி நடையில் ஒருவர் உணவை அடுக்கிச் சுழற்றினால் அது சாப்பாட்டு அறைக்குள் திரும்பும், எச்சில் தட்டு வெளியே போகும்.

"எவ்வளவு புத்திசாலித்தனம்!" என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் எதற்காக இந்தப் புத்திசாலித்தனம்? மேஜையில் அரசியல் பேசும்போது காது கேட்கும் தூரத்தில் வேலையாட்கள் இருக்கக் கூடாது என்று ஜெஃபர்சன் நினைத்தார். சுதந்திரம், மனித உரிமை என்று மணிக்கணக்காகப் பேச்சு ஓடும் மேஜைக்குச் சாப்பாடு ஒரு சுவரின் பின்னாலிருந்து, ஆள் முகம் தெரியாமல், தானாக வந்தது போல வரும். இந்த வீட்டின் கட்டடக்கலையை ஒரே இடத்தில் புரிந்துகொள்ள வேண்டுமானால் குவிமாடத்தை விடுங்கள், இந்தச் சுழல் கதவைப் பாருங்கள்.

அப்படியானால் சமையலறை?

அதுவும் கண்ணில் படாது. மற்றப் பண்ணைகளில் சமையல்கட்டு, லாயம், புகையிட்டு இறைச்சி பதப்படுத்தும் கொட்டகை எல்லாம் முற்றத்தைச் சுற்றித் தனித்தனியாக நிற்கும். இவர் குன்றின் சரிவைப் பயன்படுத்தி அவற்றை இரண்டு நீளமான இறக்கைகளாக மண்ணுக்குள் தாழ்த்திவிட்டார். இறக்கைகளின் கூரைதான் மேலே உலாவும் மாடம். விருந்தாளிகள் மலை பார்த்துக்கொண்டு நடப்பார்கள், காலுக்குக் கீழே அடுப்பு எரியும். இரண்டு இறக்கைகளையும் வீட்டின் நிலவறையையும் ஒரு மூடிய நடை இணைக்கிறது, மழையானாலும் பனியானாலும் அதன் வழியாகத்தான் சாப்பாடு வரும்.

சமையல் பிரெஞ்சு. ஜெஃபர்சன் பாரிஸ் போனபோது ஜேம்ஸ் ஹெமிங்ஸ் என்ற அடிமை இளைஞரையும் கூட்டிப்போய் அங்கே சமையல் கற்கவைத்தார். தம்பி பீட்டருக்குக் கற்றுக்கொடுத்த பிறகு 1796-ல்தான் ஜேம்ஸுக்கு விடுதலை கிடைத்தது. பின்னால் ஈடித் ஃபாசெட், ஃபேனி ஹெர்ன் என்ற இரு பெண்கள் ஜனாதிபதி மாளிகையின் பிரெஞ்சுச் சமையல்காரரிடம் பழகி இங்கே வந்தார்கள். இப்போது காட்டும் சமையலறை 1809-ல் வந்தது. அதில் செங்கல்லால் கட்டிய மேடை அடுப்பு இருக்கிறது, எட்டு வாய்கள், கரித்தணல். நம் பாட்டி வீட்டு அடுப்பு மேடையைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

வீட்டை உண்மையில் கட்டியது யார்?

வரைந்தது ஜெஃபர்சன், கட்டியது வேறு கைகள். செங்கல் அங்கேயே அறுத்துச் சுட்டது, மரம் அதே நிலத்தில் வெட்டியது, ஆணியும் பின்னாளில் அங்கேயே அடித்தது. உள்ளே இருக்கும் நுணுக்கமான மரவேலைக்கு ஜேம்ஸ் டின்ஸ்மோர் என்ற அயர்லாந்துத் தச்சர் சம்பளத்துக்கு வந்தார், அவரோடு வேலை செய்து அவருக்குச் சமமாகத் தேறியவர் ஜான் ஹெம்மிங்ஸ், அடிமை. நாற்காலி, மேஜை, வண்டிக் கூடு எல்லாம் செய்தவர் அவர். கடைசியில் ஜெஃபர்சனின் சவப்பெட்டியைச் செய்ததும் அவரே. கண்ணாடி பதிப்பு, பெயிண்ட் வேலை பர்வெல் கோல்பர்ட், அவர்தான் வீட்டின் தலைமைப் பணியாளரும்.

வீட்டுக்குத் தெற்கே மல்பெரி வரிசை என்றொரு பாதை. அதன் ஓரமாக ஒரு காலத்தில் 20-க்கும் மேற்பட்ட பட்டறைகளும் குடிசைகளும் இருந்தன. 1794-ல் ஆரம்பித்த ஆணிப் பட்டறையில் வேலை செய்தது 10 முதல் 16 வயதுப் பையன்கள். எந்தப் பையன் எவ்வளவு இரும்பு வாங்கினான், எத்தனை ஆணி கொடுத்தான், எவ்வளவு வீணாக்கினான் என்று ஜெஃபர்சன் எடை போட்டு நோட்டில் எழுதிவைத்தார். ஒரே சமயத்தில் மலையில் இருந்த அடிமைகள் 130 பேர் வரை. அவர் வாழ்நாளில் அவருக்குச் சொந்தமாக இருந்தவர்கள் மொத்தம் 600-க்கும் மேல்.

சாலி ஹெமிங்ஸ் பற்றி அங்கே பேசுகிறார்களா?

இப்போது பேசுகிறார்கள், வெளிப்படையாகவே. சாலி, மேலே சொன்ன ஜேம்ஸின் தங்கை. ஜெஃபர்சனின் மனைவி மார்த்தாவுக்கு அப்பா வழியில் சகோதரி, தாய் மட்டும் வேறு. 1787-ல், 14 வயதில், ஜெஃபர்சனின் சின்ன மகளுக்குத் துணையாகப் பாரிஸ் அனுப்பப்பட்டார். பிரான்சில் விடுதலை கேட்டிருக்கலாம், பிறக்கும் பிள்ளைகளை விடுவிப்பதாக ஜெஃபர்சன் வாக்குக் கொடுத்த பிறகே திரும்பினார் என்று மகன் மேடிசன் 1873-ல் சொன்னார். குறைந்தது ஆறு பிள்ளைகள், பெரியவர்களாக வளர்ந்தவர்கள் நால்வர். 1998-ல் டி.என்.ஏ. சோதனை வந்தது, 2000-ல் வீட்டை நடத்தும் அறக்கட்டளையே பிள்ளைகளின் தகப்பன் ஜெஃபர்சன்தான் என்பதே பெரிதும் பொருந்துகிறது என்று அறிக்கை கொடுத்தது. மறுக்கிற சிலர் இன்னமும் உண்டு.

சாலி இருந்ததாகக் கருதப்படும் அறை தெற்கு இறக்கையில் இருக்கிறது. ஜன்னல் இல்லாத அறை. 1941-ல் அதைப் பார்வையாளர்களுக்கான கழிப்பறையாக மாற்றியிருந்தார்கள். பிறகு தோண்டிப் பழைய தரையையும் கணப்பையும் கண்டெடுத்து, 2018-ல் சாலியின் கதையைச் சொல்லும் இடமாகத் திறந்தார்கள்.

மலை உச்சியில் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்?

திண்டாடினார்கள். 1769-ல் 65 அடிக்கு ஒரு கிணறு வெட்டினார்கள், அது அடிக்கடி வற்றியது. பிறகு கூரையிலும் மாடத்திலும் விழும் மழைநீரைச் சேர்க்க நான்கு தொட்டிகள் கட்டினார்கள், அவை ஒழுகின. கூரையும் ஒழுகியது. அத்தனை கண்ணாடியை வைத்தால் ஒழுகாமல் என்ன செய்யும்? அழகான இடம் தேடி உச்சியில் கட்டியவரின் வீட்டுக்குக் கீழே ஊற்றுகளிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் மேலேறியது.

ஜெஃபர்சன் இறந்த பிறகு வீடு என்ன ஆனது?

1826 ஜூலை 4, சுதந்திரப் பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு நாளிலேயே இறந்தார். விட்டுப்போன கடன் ஒரு லட்சத்து 7,000 டாலருக்கு மேல். 1827 ஜனவரியில் வீட்டுச் சாமானும், 130 மனிதர்களும் ஏலத்துக்கு வந்தார்கள். உயிலில் அவர் விடுதலை கொடுத்தது ஐந்தே பேருக்கு. அதில் ஒருவர் கொல்லர் ஜோ ஃபாசெட், சமையற்காரி ஈடித்தின் கணவர். அவருக்கு விடுதலை எழுதியாகிவிட்டது, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. அவர்கள் வெவ்வேறு ஆட்களுக்கு விற்கப்படுவதை அவர் நின்று பார்த்தார். பிறகு பல வருடம் உழைத்து மனைவியையும் சில பிள்ளைகளையும் மீட்டார்.

வீட்டை 1831-ல் வாங்கிய ஒருவர் அங்கே பட்டுப்பூச்சி வளர்க்கப் பார்த்தார், நடக்கவில்லை. 1834-ல் கைமாறியது.

வீட்டைக் காப்பாற்றியது யார்?

யூரியா லீவி, அமெரிக்கக் கடற்படையில் கொமடோர் பதவிக்கு வந்த முதல் யூதர். மத சுதந்திரச் சட்டம் எழுதியவர் என்பதால் ஜெஃபர்சன் மேல் அவருக்குப் பெரிய மரியாதை. வாங்கிச் செப்பனிட்டார். அவருடைய அம்மாவின் கல்லறை இன்றும் வீட்டருகே இருக்கிறது. அவரும் அந்தப் பண்ணையில் அடிமைகளை வைத்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1862-ல் அவர் இறந்தபோது உள்நாட்டுப் போர். பிரிந்துபோன தென் மாநிலங்களின் அரசு வீட்டைப் பறிமுதல் செய்தது, போர் முடிந்ததும் உயில் வழக்கு பல வருடம் இழுத்தது. அந்த இடைவெளியில் காவலுக்கு இருந்தவர் நிலவறையில் மாடு கட்டினார், மேலே தானியம் கொட்டினார். 1879-ல் தம்பி மகன் ஜெஃபர்சன் மன்ரோ லீவி கைக்கு வந்து மறுபடி வீடாயிற்று. 1923-ல் அவர் 5 லட்சம் டாலருக்கு அறக்கட்டளைக்கு விற்றார். ஜெஃபர்சன் குடும்பத்தைவிட அதிக காலம், கிட்டத்தட்ட 90 வருடம், இது லீவி குடும்பத்தின் வீடு. ரொம்ப காலம் இதை யாரும் அங்கே பெரிதாகச் சொல்லவில்லை.

1987-ல் யுனெஸ்கோ பட்டியலில், ஜெஃபர்சன் வடிவமைத்த வர்ஜீனியா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இடம்பெற்றது.

உள்ளே இருக்கும் சாமான்கள் எல்லாம் அசலா?

எல்லாம் இல்லை. ஏலத்தில் சிதறியதை அறக்கட்டளை ஒவ்வொன்றாகத் தேடி மீட்டிருக்கிறது, மற்றவை அதே காலத்தவை அல்லது நகல்கள். கடிகாரம் அசல். புத்தகங்கள் பெரும்பாலும் அவர் வைத்திருந்த அதே பதிப்புகள், ஆனால் அவருடைய பிரதிகள் அல்ல. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தன் புத்தகங்களை 1815-ல் 23,950 டாலருக்கு அமெரிக்கக் காங்கிரசுக்கு விற்றுவிட்டார், அவற்றிலும் மூன்றில் இரண்டு பங்கு 1851 தீயில் போயிற்று.

தோட்டம் பார்க்கத் தகுந்ததா?

கண்டிப்பாக. சரிவில் மண்ணைக் கொட்டித் தளமாக்கிய 1,000 அடி நீளக் காய்கறித் தோட்டம். கோடையில் போனால் வெண்டைக்காய், கத்தரிக்காய் எல்லாம் நிற்கும். எள்ளும் பயிரிட்டார். ஆலிவ் எண்ணெய் வாங்கிக் கட்டுப்படியாகாது என்று எள்ளை ஆட்டி எண்ணெய் எடுத்துப் பார்த்து, சாலடுக்கு இதுவே மேல் என்று எழுதினார். நல்லெண்ணெய் அருமை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்த எள்ளும் வெண்டையும் அந்த மண்ணுக்கு வந்தது ஆப்பிரிக்கர்களோடு.

மேல் மாடிக்கும் குவிமாட அறைக்கும் போக முடியுமா?

சாதாரண டிக்கெட்டில் கீழ்த்தளம் மட்டும். மேலே போகத் தனி டிக்கெட், குறைந்த ஆட்கள், முன்பே எடுத்துவைக்க வேண்டும். முட்டிவலி உள்ள அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறீர்கள் என்றால் மேலே வேண்டாம், அந்தப் படிக்கட்டு நிஜமாகவே செங்குத்து. அதற்குப் பதில் வீட்டுச் சுற்றுலா தொடங்குமுன் நிலவறை நடை, சமையலறை, ஒயின் அறை இதையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள், அதற்கு வழிகாட்டி தேவையில்லை. கீழே பார்த்துவிட்டு மேலே போனால் சாப்பாட்டு அறையில் வழிகாட்டி அந்தச் சின்னக் கதவைத் திறக்கும்போது பெட்டி எங்கே இறங்குகிறது என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.